உள்ளான்கள் விட்ட இடம்

எள் விழ இடமில்லாமல் உட்கார்ந்திருந்த உள்ளான் பறவைக் கூட்டத்தின் நடுவே, ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. சின்னவள் தொலைநோக்கியை இறக்கி, கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தாள். கல் இல்லை, முள் இல்லை. ஈர மணல் மட்டும்.

வருஷா வருஷம் பனிக்காலத்தில் அக்காவும் அவளும் இந்தத் தீவுகளுக்குப் பறவை எண்ண வருவார்கள். கடல் ஏற ஏற, சேற்றில் மேயப் போன உள்ளான்களெல்லாம் கடைசியில் மிஞ்சும் இந்த மணல்திட்டில் வந்து நெருக்கியடித்து உட்காரும். திட்டின் இரண்டு முனையிலும் முனைக்கு ஒருத்தியாக நின்று எண்ணி, கணக்கை ஒத்துப் பார்க்க வேண்டும். படகு சின்னவளிடம் இருக்கும். எண்ணி முடித்ததும், திட்டு மூழ்குவதற்குள் துடுப்புப் போட்டுப் போய் அக்காவை ஏற்றிக்கொள்ள வேண்டியது அவள் பொறுப்பு. அக்காவுக்குக் கனத்த உடம்பு. படகின் எதிர்ப்பலகையில் அவள் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் சட்டென்று தாழும், சின்னவள் பக்கம் எழும்பும். "உன்னை ஏத்தினா மீனெல்லாம் ஊரைக் காலி பண்ணிடும்" என்று காலையில்கூடக் கேலி செய்திருந்தாள்.

வாக்கி-டாக்கியை எடுத்தாள். "அக்கா, நடுவுல ஒரு இடம் காலியா இருக்கே, பாத்தியா?"

"எண்ண வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா? போன வருஷமும் இப்படித்தான் பாதியைக் கோட்டை விட்ட."

நூறு நூறாக எண்ணத் தொடங்கினாள். மாலை வெளிச்சம் மங்கி, உப்பும் சேறும் எச்சமும் கலந்த நாற்றத்தோடு மூடுபனி தண்ணீர்மேல் தவழ்ந்து வந்தது. ஆயிரக்கணக்கான பறவைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு முனகும் சத்தம் காதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் காலி இடம் நகர்ந்தது. முன்னால் இருந்த பறவைகள் ஒதுங்கின, பின்னால் இருந்தவை மூடிக்கொண்டன. ஒன்றுகூடப் பறக்கவில்லை. சந்தில் எதிரே வரும் தெரிந்த பெரியவருக்கு வழி விடுவதுபோல நிதானமாக விலகின.

அக்காவின் குரல் மாறியிருந்தது. "ஏய், அது உன் பக்கம் வருது. படகுல ஏறு. ஏறி இங்க வந்துடு."

கயிற்றை அவிழ்த்து, இடுப்பளவு தண்ணீரில் படகைத் தள்ளி ஏறினாள். திரும்பிப் பார்த்தபோது, அவள் நின்றிருந்த முனையில் அது நின்றது. பிறகு திரும்பியது. அக்காவின் பக்கம்.

"சீக்கிரம் வாடி. தண்ணி முட்டிக்கு வந்துடுச்சு."

துடுப்புப் போடப் போட, பனிக்குள் அக்காவின் மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது. நாலு இழுப்பு இழுத்தால் போய்விடலாம். ஆனால் அதுவும் அதே முனைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சின்னவளின் துடுப்பு நின்றது. அக்காமேல் அவளுக்கு உயிர். அன்றைக்குத் தன் உயிர் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"துடுப்புச் சத்தம் கேக்கலையே. வர்றேல்ல?"

வாக்கி-டாக்கியை அணைத்தாள். அணைத்து என்ன, குரல் தண்ணீர்மேலேயே வந்தது. "குட்டிம்மா. பக்கத்துல வந்துடுச்சு. குட்டிம்மா."

அப்புறம் அதுவும் இல்லை.

மஞ்சளைத் தேடினாள். காணவில்லை. திட்டு முழுகியது. உள்ளான்கள் மொத்தமாக எழும்பி, உட்கார இடம் தேடி, பனிக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. படகைக் கண்டுகொண்டன. விளிம்பில் உட்கார்ந்தன. துடுப்பில். அவள் தோளில். முழங்காலில். மனுஷ நிழல் பட்டாலே பறக்கிறவை, சில்லென்ற காலோடு அவள் மடியை நிரப்பின. அவள் அசையவில்லை.

எதிர்ப்பலகையில் மட்டும் ஒன்றும் உட்காரவில்லை.

பலகை காய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். பலகை நனைந்தது. தண்ணீர் சொட்டி வழிந்தது.

அந்தப் பக்கம் சட்டென்று தாழ்ந்தது. அவள் பக்கம் எழும்பியது.

ஒன்றும் பறக்கவில்லை. பலகைக்கு அருகே இருந்த உள்ளான் ஒதுங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. அவள் காலடியில் இருந்தவை.

பிறகு மடியில் இருந்தவை, ஒவ்வொன்றாக, வழி விட்டன.