பாதியில் நின்ற கேள்வி

பத்திரிகையாளர் சந்திப்புக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ரெஜினா தரையில் மண்டியிட்டு, பிரதமர் அருமைநாயகத்தின் எட்டாம் எண் காலை ஏழரை எண் ஷூவுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

“எம்மா, மெதுவா. அது காலு. கருவாடு இல்ல.”

“மூச்ச இழுத்துக்கோங்க அய்யா.”

“மூச்ச இழுத்தா காலு சின்னதாயிருமா?”

“ஆகாது. ஆனா பேச மாட்டீங்கல்லா.”

ஏதோ கடையில் அளவு மாறிப்போய் வந்த ஷூ என்று நினைத்துவிடாதீர்கள். பவழத்தீவுக் குடியரசின் செய்திச் செயலாளர் ரெஜினா, பதினோரு வருடமாகத் தன் பிரதமருக்கு வெளிநாட்டுப் பயணத்தில் மட்டும் அரை எண் குறைந்த ஷூவைத்தான் மாட்டிவிடுகிறாள். அதுதான் அவள் தொழில் ரகசியம். எல்லாம் கழுத்தில் மாட்டுகிற அந்தச் சாம்பல் பட்டையால் வந்த வினை.

அந்தப் பட்டைக்கு ஒத்துணரி என்று பெயர். ஒரு விரல் அகலம், எடையே தெரியாது. அது வருவதற்கு முன்னால், வெளிநாடு போன தலைவர்கள் அங்கே கேள்வி கேட்ட பத்திரிகைக்காரர்களை நடத்திய விதம் இருக்கிறதே, கேட்டால் காதைப் பொத்திக்கொள்வீர்கள். ஒருவர் கேட்டவரின் உச்சரிப்பைப் பழித்துக் காட்டுவார். ஒருவர் “யார் சொல்லி வந்தாய்?” என்பார். இன்னொருவர் கேள்வி முடிவதற்குள் எழுந்தே போய்விடுவார். நம் அருமைநாயகமும் லேசுப்பட்டவர் இல்லை. முதல் பயணத்தில் மீன்வளத்தைப் பற்றிக் கேட்ட ஒரு நிருபரிடம், “நீ மீனை டப்பாவுக்குள்ளதான பாத்திருப்ப?” என்று கேட்டு மைக்கைத் தட்டிவிட்டார். அந்தக் காட்சியைப் பாதி உலகம் பார்த்தது.

அப்புறம்தான் நாற்பத்தோரு நாடுகள் சேர்ந்து நன்னடத்தை உடன்படிக்கை போட்டன. வெளிநாட்டில் நடக்கும் எந்தச் சந்திப்பிலும் கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒத்துணரியை மாட்ட வேண்டும். கேள்வி கேட்க எழுந்து பொத்தானை அழுத்தினால், இருவர் உடம்பும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும். அவருக்குப் பசித்தால் இவருக்கும் பசிக்கும். இவர் அவமானப்படுத்தினால் அந்த எரிச்சல் இவர் நெஞ்சிலேயே வந்து உட்காரும். முதலில் கேட்பவரின் வலி மட்டும் தலைவருக்குப் போவதாகத்தான் இருந்தது. “மரியாதை என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டாமா?” என்று தலைவர்கள் கேட்டார்கள். நியாயமாகத்தானே பட்டது? சரி, இரண்டு பக்கமும் என்று எழுதிவிட்டார்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஒரு ஜனாதிபதி சொத்தைப் பல்லோடு மேடைக்கு வந்தார். நிருபர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எட்டே நிமிடத்தில் கூட்டத்தை முடித்துக்கொண்டார்கள். உலகத்திலிருக்கும் செய்திச் செயலாளர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு ஒரு பாடம் படித்தார்கள். ஒருவர் தன் தலைவரை ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்து, கழிப்பறைக்கு விடாமல் மேடையேற்றுவார். ஒருவர் இரண்டு வேளை பட்டினி போடுவார். ரெஜினாவுக்கு ஷூ. கேட்க எழுந்தவர் காலை மாற்றி மாற்றி நின்று, பேரப்பிள்ளைகள் நலமா என்று விசாரித்து உட்கார்ந்துவிடுவார். நன்னடத்தைத் தலைவர் என்ற பட்டத்தை அருமைநாயகம் மூன்று முறை வாங்கியாயிற்று.

“போன தடவ அந்தக் கண்ணாடி போட்ட பையன் நொண்டிக்கிட்டே வெளிய போனான் பாத்தியா?” என்றார் அவர். “எங் காலு கடிக்கதுக்கு அவன் என்ன பாவம் பண்ணான்?”

“இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க. ரூனா வந்திருக்கா.”

அவர் முகம் சின்னதாகிப்போனது.

ரூனா அவர்கள் வந்திருந்த ஹால்விக் நகரத்து நாளிதழில் எழுதுகிறவள். இரண்டு மாதம் முன்பு பவழத்தீவுக்கு வந்து, தென்காயல் என்ற மீனவர் ஊரில் பதினைந்து நாள் தங்கிவிட்டுப் போனவள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரதமர் கையெழுத்துப் போடப்போகும் ஒப்பந்தமே தென்காயலைப் பற்றியதுதான். ஹால்விக் நிறுவனம் ஒன்று ஆயிரக்கணக்கான கணினிகள் ஓடும் தன் ராட்சதக் கணிப்புக்கூடத்தை அந்த ஊர்க் காயலுக்குள் இறக்கும். சூடாகிற எந்திரங்களைக் காயல் தண்ணீர் குளிர்விக்கும். பதிலுக்குத் தீவுகள் எல்லாவற்றுக்கும் கடல்நீரைக் குடிநீராக்கித் தருவார்கள். தலைநகரில் மூன்று வருடமாகக் குழாயைத் திறந்தால் உப்பு. பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தில் கல். தண்ணீர் வேண்டும்தான். ஆனால் காயல் சூடானால் நண்டு போகும், இறால் போகும், அதை நம்பியிருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் பிழைப்பும் போகும். அந்தக் குடும்பங்களிடம் அருமைநாயகம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவருடைய மேல்வயிற்றில் ஒரு முடிச்சு விழும். வயிற்று மாத்திரை வாங்கிக் கொடுக்கிற ரெஜினாவுக்கு அது தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அரங்க வாசலில் ரெஜினா கதவைத் திறந்து திரும்பினால், பிரதமர் இரண்டு ஷூவையும் கழற்றிச் சுவரோரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

“அய்யா! என்ன செய்யுதீங்க?”

“நாலு பேரு இருக்க எடத்துக்கு இத மாட்டிக்கிட்டுப் போவ எனக்கு மனசு வரல பிள்ள. அவங்களும் வேலைக்கு வந்தவங்கதான?”

வெறுங்காலோடு நடந்து போய் மேடையில் உட்கார்ந்தார். போதாததற்கு, விடுதிச் சமையல்காரம்மாவிடம் சைகையிலேயே கேட்டு மத்தியானம் ஒரு தட்டுச் சோறும் வாங்கிச் சாப்பிட்டிருந்தார். முதலில் எழுந்த நிருபர் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். வலி வரவில்லை. நிறைந்த வயிறும், உள்ளங்காலில் மெத்தென்ற கம்பளமும்தான் வந்தன. அந்த மனிதர் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். அரங்கம் முழுக்க ஒரு நிம்மதி பரவியது. பின் வரிசையில் நின்ற ரெஜினா மட்டும் ரூனா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடினாள்.

மூன்றாவதாக ரூனா எழுந்தாள். காதிலிருந்த மொழிமாற்றி அவள் பேசியதைத் தமிழாக்கிச் சொன்னது. “பிரதமர் அவர்களே, நாளைய ஒப்பந்தத்தைப் பற்றித் தென்காயல் மக்களிடம்...”

நின்றுவிட்டாள். கை தன்னால் மேல்வயிற்றுக்குப் போனது. அந்த முடிச்சு அவளுக்குள் ஏறியிருந்தது. ஷூ கடிப்பதையாவது பல்லைக் கடித்துப் பொறுக்கலாம். ஒரு வயதான மனிதர் தன்மேலேயே கொண்டிருக்கிற வெறுப்பு முழுசாக வந்து உள்ளே உட்கார்ந்தால் எப்படிப் பொறுப்பது?

“கேளு தாயி,” என்றார் அருமைநாயகம். “பாதியில நிறுத்தாத.”

ரூனாவின் கண் நிறைந்துவிட்டது. வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தபோது, “உடம்புக்கு ஒன்றுமில்லையே? நன்றாகத் தூங்குகிறீர்களா?” என்று கேட்டாள்.

அரங்கம் கை தட்டியது. இவ்வளவு பண்பான சந்திப்பை இதுவரை பார்த்ததில்லை என்று பக்கத்தில் நின்ற ஹால்விக் அதிகாரி ரெஜினாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரெஜினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காரில் ஏறியதும் பிரதமர் வெறுங்காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். பிறகு சொன்னார்:

“எனக்குள்ளயும் ஒண்ணு வந்துச்சு பிள்ள. அவகிட்ட இருந்து.”

“கோவமா?”

“கோவமா இருந்தாத்தான் தேவலையே. வெக்கம். யாரோ கைல குடுத்துவிட்ட சேதிய வழியில தொலச்சவளுக்கு வருமே, அது மாதிரி.” கழுத்தைத் தடவிக்கொண்டார். பட்டையை எப்போதோ கழற்றியாயிற்று, ஆனாலும் தடவினார். “குடுத்துவிட்டது யாரு? நம்ம ஊரு ஆளுதான? நம்ம ஊரு ஆளு எங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னா ஹால்விக் வழியா சுத்தி வரணுமா?”

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்களை அவர் சந்தித்து ஆறு வருடம் ஆகிறது. சந்திக்க வேண்டாம் என்று யோசனை சொன்னவளும் ரெஜினாதான்.

“நாளைக்குப் பத்து மணிக்குக் கையெழுத்து அய்யா.”

“வயித்து வலின்னு சொல்லு. பொய்யா என்ன?”

அன்று இரவே விமானம் ஏறி, மறுநாள் மத்தியானம் தென்காயல் படகுத்துறையில் இறங்கினார்கள். நண்டு பிடிக்கும் கூடுகளைத் தட்டிக் காயவைத்துக்கொண்டிருந்த மிக்கேலம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அறுபது வயதிருக்கும். அந்தத் துறையில் வலைக்காரப் பெண்களின் சங்கத்தை நடத்துகிறவள். எழுந்திருக்கவில்லை.

“அந்த வெள்ளக்காரப் பிள்ளைகிட்ட ஒரு கேள்வி சொல்லிவிட்டோமே. கேட்டாளா?”

“பாதி கேட்டா,” என்றார் அருமைநாயகம்.

“மீதி?”

“அத வாங்கத்தான் வந்திருக்கேன்.”

ரெஜினா அவசரமாகப் பெட்டியைத் திறந்து இரண்டு பட்டைகளை எடுத்தாள். பிரதமர் கேள்விக்கு உட்காருகிறார் என்றால் பட்டை இல்லாமல் உட்கார வைத்து அவளுக்குப் பழக்கம் இல்லை. மிக்கேலம்மா கையைத் தட்டிவிட்டாள்.

“அது எனக்கு வேண்டாம். அந்தப் பிள்ள எல்லாம் சொல்லியிருக்கா. மாட்டுனா அவரு நோவு எனக்கு வருமாம்லா? வந்தா பாவம்னு ஆயிரும். பாவம்னு ஆனபொறவு எங்கன கேக்க?”

பதினோரு வருடம், ஆறு கருத்தரங்கு, ஒரு நூலகம் நிறையும் அளவுக்கு ஆய்வறிக்கை. இதை இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் ரெஜினாவிடம் சொன்னதில்லை.

“அவ சொல்லுததும் சரிதான்,” என்று முனகினார் பிரதமர். “ஆனா எனக்கு அவ நோவு தெரியணுமே.” ரெஜினாவைப் பார்த்தார். உத்தரவு ஒன்றும் போடவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஒத்துணரியிலும் பின்பக்கம் ஒரு முத்திரைத்தாள் ஒட்டியிருக்கும். அதற்கடியில் ஒரு சின்ன விசை. அதைத் தள்ளினால் அந்தப் பட்டை உணர்வை வாங்குவதோடு சரி, அனுப்பாது. முதலில் செய்தபோது அப்படித்தானே செய்தார்கள்? தலைவர்கள் கேட்டதற்கப்புறம் விசையைத் திருப்பி, மேலே தாளை ஒட்டிவிட்டார்கள். தாளைக் கிழித்தால் அந்த நொடியே உடன்படிக்கைச் சபைக்குத் தகவல் போய்விடும். ரெஜினாவுக்கு எல்லாம் தெரியும். இத்தனை வருடம் அந்த மனிதரின் காலைக் கடிக்கவிட்டுக் காப்பாற்றியவள், நகத்தால் அவர் பட்டையின் முத்திரையைக் கிழித்து, விசையைத் தள்ளி, அவர் கழுத்தில் மாட்டினாள்.

“இப்ப மாட்டுங்கக்கா. அவருது உங்களுக்கு வராது. உங்களுது மட்டும் அவருக்குப் போகும்.”

மிக்கேலம்மா சந்தேகத்தோடு பட்டையை வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். பொத்தானை அழுத்தியதுதான் தாமதம், பிரதமர் பக்கத்தில் இருந்த படகுத்தூணைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன, வருதா?”

“வருது.”

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லயே!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“எங்க காயலக் குடுக்கதுக்கு முன்ன, எங்களை ஒரு வார்த்த கேட்டியா? ஓட்டுக்கு வந்தப்ப இந்தா, இதே படியில உக்காந்துதான நண்டுக் கொழம்பு சாப்ட்ட? அப்பத் தெரிஞ்ச வழி இப்பத் தெரியலயா?”

“கேக்கல,” என்றார் அருமைநாயகம். “வேண்டாம்னு சொல்லிருவீங்களோன்னு பயந்து கேக்கல. அங்க பட்டணத்துல பிள்ளைங்க உப்புத்தண்ணி குடிக்கிதுங்க. அதையும் இதையும் ஒண்ணா நிறுத்திப் பாக்க எனக்குத் தைரியம் வரல.”

“தண்ணி வேண்டாம்னு நாங்க சொல்லுவமா? எங்க பிள்ளைகளும் அங்கதான படிக்குதுங்க? வடக்க பாறைக்கு அந்தப் பக்கம் ஆழக்கடல் கெடக்கு. அங்கன இறக்கச் சொல்லு உன் கூடத்த.”

“செலவு கூடும், அந்தக் கம்பெனிக்காரன் ஒத்துக்க மாட்டான்.”

“அப்ப அவன் கழுத்துல இத மாட்டு!”

இந்தத் தடவை அவளும் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் பின்னால் ஒருவர் வந்து நின்றார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை துறை முனைவரைக்கும் நீண்டது. ஐந்தாவது ஆள் முடித்தபோது பிரதமரின் சட்டை நனைந்திருந்தது. போதும் என்று ரெஜினா சொல்லிப் பார்த்தாள். “அடுத்தவங்க வாங்க,” என்றார் அவர்.

அப்போதுதான் ரெஜினாவின் கைப்பலகைத் திரை அதிர்ந்து மின்னியது. உடன்படிக்கைச் சபையின் கடிதம். நின்றபடியே படித்தாள்.

“என்னவாம்?”

“கேள்வி கேக்கவருக்கு உங்க துன்பத்துல பங்கு தர மறுத்துட்டீங்களாம். அது பெரிய அவமரியாதையாம். மூணு பட்டத்தையும் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. இனிமே நாப்பத்தோரு நாட்டுல உங்களுக்குப் பத்திரிகையாளர் சந்திப்பு கெடையாது.” ஒரு மூச்சு விட்டுச் சொன்னாள்: “மொத்தத்துல, நீங்க மரியாதை தெரியாதவராம் அய்யா.”

“இதச் சொல்ல ஒரு சபையா?” என்றாள் மிக்கேலம்மா. “நான் அப்பவே சொல்லியிருப்பேனே!”

அருமைநாயகம் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு நிற்பதற்குள் ஆறாவது ஆள் பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தான்.

ரெஜினா மட்டும் சிரிக்காமல் கைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தோரு நாட்டுக்கும் நகல் போயிருந்த அந்தக் கடிதத்துக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாகத் தனிச்செய்திகள் விழுந்துகொண்டிருந்தன. நிருபர்களாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. சொத்தைப் பல்லுக்கு மருந்து போடவிடாதவர், தண்ணீர் குடிக்கவைத்தவர், பட்டினி போட்டவர் என்று அத்தனை பேரும் அவளைப் போன்ற செய்திச் செயலாளர்கள். பதினேழு நாடுகளிலிருந்து. வெவ்வேறு மொழியில் ஒரே கேள்வி: “யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்த முத்திரையை எந்தப் பக்கத்திலிருந்து கிழிக்க வேண்டும்?”

படகுத்துறைப் படியில் உட்கார்ந்து அவள் பதில் எழுத ஆரம்பித்தாள்.

“இடப்பக்கம். கொஞ்சம் நகம் வளர்த்துக்கொள்ளுங்கள்.”