நடுத் தண்டவாளம்

ரூத் கடைக்குள் வந்தபோது அவள் முந்தானையில் இரத்தம் காய்ந்து மொறமொறத்திருந்தது. ரகுபதி பழுது பார்த்துக்கொண்டிருந்த ரேடியோவை ஒதுக்கிவிட்டு ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது என்னோடது இல்லண்ணே. எங்க வூட்டுக்காரரோடது" என்றாள். "தாடைய ஒடச்சிட்டானுங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல முடியல. கொலகாரன்னு சொல்லி கட்டிலோட வெலங்கு போட்டு வெச்சிகிறாங்க."

சென்னையில் போலீஸ் கைரேகைப் பிரிவில் வேலை பார்த்தவர் ரகுபதி. அதை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டிருந்தார். ஆனாலும் இப்படி யாராவது வந்துகொண்டுதான் இருந்தார்கள். ரூத்தின் குரலைக் கேட்டதும் பக்கத்து போட்டோ ஸ்டூடியோவிலிருந்து பாபு எட்டிப் பார்த்தான். போலீசுக்காகப் பிணங்களைப் படம் பிடிப்பவன் அவன்தான். முந்தின நாள் மாலை மண்ணூரில் எடுத்த படங்கள் அவன் கையில் இன்னும் ஈரமாக இருந்தன.

ரூத் சொன்னது இதுதான். மண்ணூரில் சூசைராஜ் என்று ஒருவர். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, மேசை மேல் பொம்மை ரயில் ஓட்டுவார். பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும். ஒவ்வொரு சக்கரமும் அளவெடுத்துக் கடைந்தது. ரூத்தின் கணவர் யேசுராஜ் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுபவர். சக்கரங்களைக் கடைந்து கொடுப்பதும் வயரிங் பார்ப்பதும் அவர்தான். நேற்று ஷிப்ட் முடிந்து கொட்டகைக்குப் போனவர், தலை பிளந்து கிடந்த சூசைராஜை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கத்தியிருக்கிறார். ஓடிவந்த கூட்டம் இரத்தச் சட்டையைத்தான் பார்த்தது. சூசைராஜின் தம்பி சின்னப்பன் சவுக்குக் கட்டையால் முகத்திலேயே அடித்தான்.

"ஆசுபத்திரி வாசல்ல அருவாளோட குந்திகினு கீறான், அண்ணே. போலீஸ் வெளிய வுட்டாலும் இவன் வுடமாட்டான்."

ரகுபதி பாபுவின் படங்களை வாங்கிப் பார்த்தார். ஒரு படத்தில் அவர் கண் நின்றது. சூசைராஜின் வாய் திறந்திருந்தது. பற்களுக்கு நடுவே வளைந்த பித்தளைப் பட்டை ஒன்று தொண்டைவரை திணிக்கப்பட்டிருந்தது.

"போலீஸ் இதுக்கு என்ன சொல்றாங்க?"

"வெறி பிடிச்சவன் வேலைன்றாங்க சார்" என்றான் பாபு. அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினான். "எனக்கு சின்னப்பன் மேலதான் சந்தேகம். இல்லன்னா ஏன் சார் யேசுராஜ கரெக்டா வாயில அடிக்கணும்? பேசக்கூடாதுன்னுதான?"

"மொதல்ல கொட்டகைய பாக்கலாம்" என்றார் ரகுபதி.

சப்-இன்ஸ்பெக்டர் அவருக்குப் பழக்கமானவர். கொட்டகையைத் திறந்துவிட்டு, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே ஈக்கள் மொய்த்தன. சுவரை ஒட்டி நீளமான மேசை. அதன் ஒரு கோடியில் சிறிய ஸ்டேஷன். அங்கே தண்டவாளம் ஒரு முட்டுக்கட்டையோடு முடிந்தது. மறு கோடியில் சாந்து பூசிச் செய்த மலை, அதில் குகை. குகை வாயில் ஒரு நீராவி இன்ஜின் புகைப்போக்கியை மலைப்பக்கம் வைத்து நின்றது. தோற்றத்தில்தான் நீராவி. வயிற்றுக்குள் இருந்தது சின்ன மின்மோட்டார்.

ஸ்டேஷன் பக்கத்துத் தண்டவாளத்தின் மேல் இரத்தம் தெறித்துக் கருத்திருந்தது. கீழே சாணத் தரையில் ஒரு பெரிய கறை. அடிப்பதற்குப் பயன்பட்டது பட்டறைக்கல்லாக வைத்திருந்த நிஜ ரயில் தண்டவாளத் துண்டு. அதைப் போலீசார் எடுத்துப் போயிருந்தார்கள்.

"பல தடவை அடிச்சிருக்கான்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "விழுந்தப்பறமும் அடிச்சிருக்கான்."

ரகுபதி குனிந்து தண்டவாளத்தையே பார்த்தார். விரல் அகலமுள்ள கட்டைகள், அவற்றின் மேல் இரண்டு கம்பிகள். ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் ஆணி பிடுங்கிய சிறு துளை இருந்தது. மூலையில் ஒரு பிஸ்கட் டின். அது நிறைய வளைந்த ஆணிகளும் பித்தளைப் பட்டைத் துண்டுகளும் கிடந்தன.

"நடுவுல ஒண்ணு இருந்துதா?" என்று வாசலில் உட்கார்ந்திருந்த சூசைராஜின் மனைவி சவரியம்மாளைக் கேட்டார்.

அழுது வீங்கிய முகத்தோடு அவள் தலையசைத்தாள். "மூணு கம்பி இருந்துதுங்க. நடுக்கம்பி அசிங்கமா கீது, நெசமான ரயிலுக்கு ஏது நடுவுல கம்பின்னு சொல்லிகினே இருப்பாரு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வந்து, யேசுராஜும் அவருமா புடுங்கிட்டாங்க. இந்த இன்ஜினுக்குச் சக்கரத்தையும் மாத்தினாங்க."

"அந்த நடுக்கம்பிய யார் போட்டது?"

"மரவாடி நாகப்பன் அண்ணன். ஆரம்பத்துலேந்து ரெண்டு பேரும்தான் சேந்து செஞ்சாங்க."

தண்டலத்தில் மரம் அறுத்து விற்கும் மரவாடிக்காரர் நாகப்பனும் வாசலில்தான் இருந்தார். நேற்று கொட்டகைக்கு வந்து போனவர் என்பதால் போலீசார் வரச் சொல்லியிருந்தார்கள். கனத்த உடம்பு, சிவந்த கண்கள். வலது கை விரல்களில் துணிக்கட்டு.

"ரம்பம் பட்டுச்சிங்க" என்றார், ரகுபதி கட்டைப் பார்ப்பதைக் கவனித்து.

"நேத்து இங்க வந்தீங்களாமே?"

"மத்தியானம் சாப்ட்டுட்டு வந்தேன். சவரியம்மா கோயிலுக்குப் போயிருந்துது. சூசை மட்டும் இருந்தான். புதுசா மாத்தினத காட்டினான்."

"நீங்க போட்ட கம்பிய புடுங்கினது வருத்தம் இல்லையா?"

"இன்னாத்துக்குங்க வருத்தம்? என்னைக் கேட்டுகினுதான் புடுங்கினான். பாக்க அழகாத்தான கீது." நாகப்பன் மூக்கை உறிஞ்சினார். "வண்டிய ஓட்டிக் காட்டினான். குகையிலேந்து நேரா ஸ்டேஷனுக்கு வந்துது. முட்டுக்கட்டை கிட்ட வந்ததும் இன்ஜினத் தூக்கி, திருப்பி வெச்சான். கூ-ன்னு வாயால ஊதினான், கொழந்த மாதிரி. அது திரும்ப மலைப்பக்கம் போய்ச்சி. பாத்துட்டு நான் கெளம்பிட்டேன். அதான் நான் அவன கடசியா பாத்தது."

"ஓட்டுற குமிழ எதிர்ப்பக்கம் திருப்பினாரா, அப்ப?"

நாகப்பன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "ரேடியோக்காரருக்கு இது தெரியாது போல. குமிழத் தொடவே வேணாங்க. இருந்த மாதிரியே இருக்கும். இன்ஜினத் திருப்பி வெச்சா அதுவா திரும்பிப் போவும்."

"ஓ" என்றார் ரகுபதி.

பிறகு பாபுவைத் தனியே அழைத்தார். "ஆசுபத்திரி வாசலுக்குப் போய் சின்னப்பனைக் கூட்டிட்டு வா. ரூத்தும் வரணும். கொஞ்சம் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிக்க."

"சின்னப்பன்தான, சார்? நான் சொன்னேன்ல?"

"அவன் அருவாளை வெளியவே வாங்கி வெச்சிடு."

பாபு திரும்பி வருவதற்குள் ரகுபதி குமிழ் இருந்த கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து பார்த்து மூடிவிட்டார். மாடிப்படி மாதிரி அடுக்கிய தகடுகள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விட்டன. குமிழை எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் அந்தத் திசை மாறும். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

சின்னப்பன் வந்ததும் கொட்டகை சிறியதாகிவிட்டது. ரூத்தைப் பார்த்து, "உன் புருசன் சாவற வரைக்கும் நான் சோறு துன்னமாட்டேன்" என்றான். அரிவாளைப் பாபு வாங்கியிருந்தான். இடுப்பில் ஒரு கத்தி இருந்தது யாருக்கும் தெரியவில்லை. சவரியம்மாள் மூலையில் உட்கார்ந்தாள். நாகப்பன் மேசையின் ஸ்டேஷன் பக்கம் நின்றார். சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் கதவை அடைத்து நின்றார்கள்.

ரகுபதி பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, தண்டவாளத்தின் மேல் காய்ந்திருந்த இரத்தத்தைத் துடைக்க ஆரம்பித்தார். பஞ்சு சிவந்தது. சவரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மன்னிக்கணும் அம்மா. காஞ்ச இரத்தம் மின்சாரத்த விடாது. தொடைக்காம வண்டி ஓடாது."

குமிழை மெல்லத் திருப்பினார். அதற்கு முன் இன்ஜினை எடுத்து, புகைப்போக்கி ஸ்டேஷனைப் பார்க்கும்படி குகை வாயில் வைத்திருந்தார். அது ஒரு தும்மல் போலத் துள்ளிக் கிளம்பி, நேராக ஸ்டேஷனுக்கு வந்தது. முட்டுக்கட்டைக்கு ஒரு முழம் இருக்கும்போதே ரகுபதி அதைத் தூக்கினார். சக்கரங்கள் காற்றில் சட்டென்று நின்றன.

"இதுவரைக்கும் நாகப்பன் சொன்ன மாதிரியே. இப்ப திருப்பி வைக்கிறேன். குமிழ்ல நான் கை வைக்கலை, பாத்துக்குங்க."

புகைப்போக்கி மலையைப் பார்க்க, இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தார்.

இன்ஜின் மலைப்பக்கம் போகவில்லை. பின்னோக்கி நகர்ந்து முட்டுக்கட்டையில் டக்கென்று மோதி, அங்கேயே சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டு நின்றது.

"மறுபடி வெச்சிப் பாருங்க" என்றார் நாகப்பன். அவர் குரல் மாறியிருந்தது.

ரகுபதி மறுபடி வைத்தார். மறுபடி மோதியது.

"எப்படின்னு சொல்றேன்" என்றார் ரகுபதி. அவசரமே இல்லாமல், ரேடியோ கொண்டுவந்தவருக்கு விளக்குவதைப் போலவே பேசினார். "மோட்டாருக்கு ரெண்டு முனை. மின்சாரம் எந்த முனையில நுழையுதோ அதைப் பொறுத்து அது எந்தப் பக்கம் சுத்தும்ங்கறது முடிவாகும். பழைய பாதையில ஒரு முனை நடுக்கம்பியத் தொடும். இன்னொண்ணு சக்கரம் வழியா ஓரக்கம்பி ரெண்டையும் தொடும். இன்ஜினை எப்படித் திருப்பினாலும் நடு நடுதான். மோட்டாருக்கு ஒரு மாத்தமும் இல்ல. மூக்கு நீட்டின பக்கம் போயிட்டே இருக்கும். அதனால திருப்பி வெச்சா, திரும்பிப் போகும்."

"இப்ப நடு இல்ல" என்றான் பாபு மெதுவாக.

"இல்ல. இப்ப இடது சக்கரம் ஒரு முனை, வலது சக்கரம் ஒரு முனை. இன்ஜினைத் திருப்பினா இடது வலதாயிடும். மூக்கும் மாறுது, மோட்டார் சுத்தறதும் மாறுது. ரெண்டும் ஒண்ணையொண்ணு கழிச்சிடும். வண்டி போன திசையிலேயே போகும். அதைத் திருப்பணும்னா குமிழத்தான் திருப்பணும்." அவர் நாகப்பனைப் பார்த்தார். "நீங்க சொன்னது பழைய பாதையில நீங்க தெனம் பாத்தது. இந்தப் பாதையில வண்டி ஓடி நீங்க பாக்கவே இல்ல. சூசைராஜ் உங்களுக்கு ஓட்டிக் காட்டலை."

"மறந்து சொல்லியிருப்பாரு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இருக்கலாம். பொய் சொன்னதுக்கு மட்டும்தான் இது சாட்சி. மிச்சத்துக்கு அவர் கைக்கட்ட அவிழ்த்துப் பாருங்க. ரம்பம் பட்டா சதை பிஞ்சி கந்தலாத் தெரியும். பித்தளைப் பட்டைய இறுக்கிப் புடிச்சி ஒருத்தர் தொண்டையில திணிச்சா, நாலு விரல்லயும் ஒரே கோடா, பிளேடால கிழிச்ச மாதிரி இருக்கும்."

யாரும் அசைவதற்குள் நாகப்பனின் கை மேசை மேலிருந்த சுத்தியலை எடுத்துவிட்டது. முதல் அடி இன்ஜின் மேல் விழுந்தது. புகைப்போக்கி தெறித்துச் சுவரில் பட்டது. இரண்டாவது அடியில் ஸ்டேஷன் சிதறியது. மூன்றாவதை ரகுபதியின் தலைக்கு ஓங்கினார். ரகுபதி ஒதுங்கினார், அடி தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பாபு நாகப்பனின் கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு தொங்கினான். கான்ஸ்டபிளின் தடி முழங்காலில் விழ, மூவரும் ஆணி டின்னோடு தரையில் சரிந்தார்கள்.

சின்னப்பன் இடுப்பிலிருந்து கத்தியை உருவிவிட்டான். அவனுக்கு முன்னால் ரூத் வந்து நின்றாள்.

"குத்து. குத்திட்டு ஜெயிலுக்குப் போ. எங்க வூட்டுக்காரர் மூஞ்சிக்கு அப்புறம் யார் வந்து பதில் சொல்றது?"

கத்தி அந்தரத்தில் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

கைக்கட்டு சண்டையில் தானாகவே அவிழ்ந்திருந்தது. நான்கு விரல்களின் குறுக்கே ஒரே நேர்க்கோடு. அதிலிருந்து புதிதாக இரத்தம் வழிந்து ஆணிகளின் மேல் சொட்டியது. நாகப்பன் அந்த ஆணிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பையன் ஏரியில முழுகினப்பறம் எனக்குத் தூக்கம் வரலிங்க" என்றார். "இங்க வந்து குந்திகினு ஆணி அடிப்பேன். ஒரு ஆணி அடிச்சா ஒரு மூச்சு வுடலாம். அப்படிப் போட்ட கம்பி அது. நேத்து வந்து பாக்கறேன், பிஸ்கட் டப்பால கீது. இன்னாடா சூசைன்னேன். 'அது எதுக்குடா இனிமே, பழைய இரும்புக்காரன் வந்தா போட்டுடலாம்'ன்னான். சிரிச்சிகினே சொன்னான்." மூச்சு வாங்கினார். "அவன் என்கிட்ட கேக்கலிங்க. கேட்டிருந்தா நானே புடுங்கிக் குடுத்திருப்பேன்."

சவரியம்மாள் எழுந்து வந்து அவர் முகத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு இன்னொரு முறை. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

ஜீப் போன பிறகு பாபு ரகுபதியின் கையைத் தன் துண்டால் கழுத்தோடு சேர்த்துக் கட்டினான். "சின்னப்பன்னு நெனச்சேன், சார்" என்றான்.

"நீ கேட்ட கேள்வி சரிதான். ஏன் வாயில அடிச்சான்? பதிலுக்கு சின்னப்பன்கிட்டதான் போகணும்."

சின்னப்பன் வாசற்படியில் தன் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ரூத் மருத்துவமனைக்குக் கிளம்பியபோது எழுந்தான். வார்த்தை வர நேரமானது.

"யக்கா. நானும் வரட்டா?"

ரூத் நின்றாள். முந்தானையின் இரத்தக்கறையை உள்பக்கமாக மடித்துச் செருகினாள்.

"பல்லோட பல்லு சேத்துக் கம்பி போட்டுக் கட்டிகிறாங்க. தாடை கூடற வரைக்கும் கஞ்சிய துணியில வடிகட்டி, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணுமாம்" என்றாள். "வா. நீ ஊத்து."