மூச்சை இழு

பிற்பகல் வெயிலில் அந்தப் பெரிய வீடு எப்போதும் போலத்தான் நின்றது. புல் மட்டும் வெட்ட ஆளில்லாமல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. நாலு வருடமாகத் தையல் பையோடு வந்துபோன வீடுதான். ஆனாலும் வாசற்படியில் டெய்லர் அக்காவின் கால் தயங்கியது.

கதவைத் திறந்தது செத்துப்போன குட்டிமாவின் அம்மா. மகள் போன மூன்று மாதத்தில் ஆளே பாதியாகிவிட்டிருந்தாள்.

“குட்டிமா கடைசியா போட்டிருந்த பச்சை கவுன். ஆஸ்பத்திரியில கழட்டிக் கொடுத்ததை நான்தான் அவ ரூம்ல நீங்க செஞ்சு வச்ச அளவு பொம்மையில மாட்டினேன். ஜிப்பைத் திறந்துதான் விட்டேன் டெய்லரம்மா. மறுநாள் பார்த்தா கழுத்து வரைக்கும் மூடியிருக்கு. கழல மாட்டேங்குது. வெட்டிடலாம்னு கத்தரிக்கோல எடுத்தேன்...” குரல் இறங்கியது. “யாரோ மூச்சை இழுக்குற சத்தம்.”

“எலியா இருக்கும்மா.”

“எலின்னா இழுத்த மூச்சை விடாதா?”

டெய்லர் அக்கா மாடிப்படியை அண்ணாந்து பார்த்தாள்.

“என் பொண்ணு அங்க நிம்மதியா இல்ல. உங்க பேச்சைத்தான் அவ கேப்பா. ஏதாவது பண்ணுங்க.”

குட்டிமாவை ஊருக்கே தெரியும். அவள் பாடியதில்லை, நடித்ததில்லை. யாருடைய விருந்துக்கோ போய், டெய்லர் அக்கா தைத்த கவுனில் படிக்கட்டில் நின்றாள், அவ்வளவுதான். யாரோ எடுத்த படம் விடிவதற்குள் ஊரெல்லாம் பரவியது. அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. பத்திரிகைகள் ‘விருந்து ராணி’ என்றன. அவள் வராத விருந்து விருந்தே இல்லை என்றானது. புகழ் ஏற ஏறச் சாப்பாடு இறங்கியது. “அக்கா, இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடிச்சுத் தைங்க” என்று ஒவ்வொரு மாதமும் வந்து நிற்பாள். “இதுக்கு மேல பிடிச்சா துணியை உன் எலும்போட சேத்துத்தான் தைக்கணும்” என்று இவள் திட்டுவாள். திட்டிக்கொண்டே தைத்தும் கொடுப்பாள்.

ஜிப்பை ஏற்றும்போது இருவருக்கும் ஒரு விளையாட்டு. “மூச்சை இழு” என்பாள் டெய்லர் அக்கா. குட்டிமா இழுத்துக்கொள்வாள். ஏற்றி முடித்து “விடு” என்றால்தான் விடுவாள். வேண்டுமென்றே இவள் தாமதித்தால், முகம் சிவந்து கண்ணை உருட்டுவாளே தவிர விடமாட்டாள். பிறகு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஒருநாள் காரிலிருந்து இறங்கும்போது கேமராக்களுக்கு முன்னால் சுருண்டு விழுந்தாள். இரண்டு நாளாகச் சாப்பிடாத மயக்கம். குடிபோதை என்றது உலகம். அந்த வீடியோவைப் பார்த்து ஊரே சிரித்தது. அழைப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

டெய்லர் அக்கா மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்த வாரத்தில் குட்டிமா அந்தப் பச்சை கவுனை எடுத்து அணிந்தாள். எந்த விருந்துக்கும் அவளை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. பின்பக்க ஜிப்பில் ரிப்பனைக் கட்டி, தானே இழுத்து ஏற்றிக்கொண்டாள். காலையில் அம்மா பார்த்தபோது கண்ணாடி முன்னால் திறந்த கண்களோடு உட்கார்ந்திருந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

மாடி அறையில் திரைகள் மூடியிருந்தன. பவுடர் வாசனை, அதற்கு அடியில் பூட்டிய அறையின் புழுங்கிய நாற்றம். கண்ணாடி முன்னால் முதுகைக் காட்டியபடி கவுன் நின்றது. ஜிப்பில் அந்த ரிப்பன் இன்னும் தொங்கியது.

டெய்லர் அக்கா கவுனின் இடுப்பில் கை வைத்தாள். பஞ்சு அடைத்த பொம்மை அது. அவள் கையாலேயே அடைத்தது.

வயிறு உள்ளே ஒட்டியிருந்தது.

கைக்கு அடியில், மெல்ல, இன்னும் உள்ளே போனது.

ஸ்ஸ்ஸ்.

ஓடிவிடத்தான் நினைத்தாள். ஆனால் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அன்றைக்கு இந்தப் பெண்ணிடம் “விடு” என்று சொல்ல யாருமே இல்லை.

பயம் போன இடத்தில் அழுகை வந்தது.

“போதும் கண்ணு,” என்றாள். “விடு.”

நீளமான ஒரு பெருமூச்சு. கண்ணாடியில் முகம் இருக்கவேண்டிய உயரத்தில் ஆவி படர்ந்து கலைந்தது. ஜிப் தானாகவே இறங்கியது.

கவுனைக் கழற்றி, மடித்துக் கட்டிலில் வைத்து, திரைகளையும் திறந்துவிட்டுக் கீழே வந்தாள். அம்மா படியடியில் நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

“போயிட்டாளா?”

“போயிட்டாம்மா. இனிமே நிம்மதியா இருப்பா.”

அம்மா அவள் தோளில் சாய்ந்து, மூன்று மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

வாசலில் கார் வந்து நின்றது. பத்திரிகைக்காரன் ஒருவன் கேமராவோடு இறங்கினான்.

“மேடம், விருந்து ராணி வாழ்ந்த வீடுன்னு ஒரு கட்டுரை. அந்த மாடி ஜன்னலை மட்டும் ஒரு படம் எடுத்துக்கறேன்.”

வேண்டாம் என்று டெய்லர் அக்கா வாயெடுப்பதற்குள் கேமராவை உயர்த்திவிட்டான்.

மேலே, சர்ரென்று ஜிப் ஏறியது.

ஸ்ஸ்ஸ்.

“விடு!” படியைப் பார்த்துக் கத்தினாள் டெய்லர் அக்கா. “குட்டிமா, விடு கண்ணு!”

பத்திரிகைக்காரன் கேமராவைத் தாழ்த்தினான்.

“ஜன்னல்ல பச்சை டிரெஸ்ல நிக்கிறவங்களைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்றீங்களா?”

இரண்டு பெண்களும் அண்ணாந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, மூச்சு விடும் சத்தத்துக்காகக் காத்து நின்றார்கள்.

அது வரவில்லை.