சரிவின் நடுவே சமதளம்

முதலில் ஜெஸ்னாவின் கண்ணில் பட்டது அந்தப் பப்பாளி மரம்தான். ரப்பர் மரங்களை முறித்தபின் தரிசாகக் கிடந்த குன்றின் சரிவில் தானாக முளைத்த மரங்கள் அங்கங்கே நின்றன. வட்டை, மஞ்சணத்தி, ஒன்றிரண்டு பலாக்கன்று. எல்லாம் மற்ற இடத்து மரங்களைப்போல ஆகாயத்தைப் பார்த்து நேராக நின்றன. நடுச்சரிவில் நின்ற பப்பாளி மட்டும் சரிந்த மண்ணுக்குச் செங்குத்தாக நின்றது. குன்றைத்தான் சமதளம் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்ததுபோல, அந்தரத்தில் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அத்தனை காய்க் கனத்தோடு அது எப்படி முறியாமல் நிற்கிறது என்று அவள் ஒரு கணம் யோசித்தாள். காற்று வளைத்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பெருங்கடவிளைக்கு அப்பால் பஸ் போகாத ஒரு மண்ரோட்டின் ஓரத்தில் இருந்தது அந்தக் குன்று. ஜெஸ்னா, பெண்களாகச் சேர்ந்து நடத்தும் ஒரு விவசாயக் குழுவின் மினி டிராக்டரை ஓட்டுகிறவள். பின்னால் புல்வெட்டியை மாட்டிக்கொண்டு அதியன்னூர் முதல் தனுவச்சபுரம் வரை எங்கே கூப்பிட்டாலும் போவாள். கூட வருவது அவள் கணவனின் தங்கை பின்சி. சரிவில் வண்டி ஓடும்போது கீழே நின்று பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அதற்கான விசில் பின்சியின் கழுத்தில் கிடந்தது.

குன்றின் உடமஸ்தர் கல்ஃபில் இருந்தார். புல்லுக்குள் அணலிப் பாம்பு பெருத்து முற்றம்வரை வருகிறது என்று அடிவாரத்து வீட்டு சரோஜம் ஃபோனில் சண்டை பிடித்தபிறகுதான் இந்த வேலைக்கு ஆள் சொல்லியிருந்தார். ஐப்பசி மாதம். சாயங்காலமானால் துலாமழை இடியோடு வந்துவிடும். ஈரப்புல்லில் டயர் நிற்காது. அதற்குள் முடித்தாக வேண்டும்.

வண்டியை ஏற்றுமுன் ஜெஸ்னா கம்பை ஊன்றிக்கொண்டு சரிவு முழுக்க நடந்து பார்த்தாள். புல்லுக்குள் மறைந்திருக்கும் வெட்டிய ரப்பரின் அடிக்குற்றி ஒன்றில் சக்கரம் ஏறினால் போதும், வண்டி கவிழ்ந்துவிடும். குற்றி தட்டுப்பட்ட இடத்திலெல்லாம் பின்சி கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினாள். கெண்டைக்கால் கடுத்தது. மூச்சு வாங்கியது. பப்பாளியின் அருகே வந்தபோது சட்டென்று கடுப்பு நின்றுவிட்டது. மாடிப்படி ஏறி முடித்து மொட்டை மாடியில் கால் வைத்ததுபோல் இருந்தது. அவள் கம்பை ஊன்றாமலே கொஞ்சநேரம் நின்றாள். அங்கே புல்லுக்கு வாசனை இல்லை. சீவிடுப் பூச்சி கத்தவில்லை. மறுபடி நடக்க ஒரு காலை எடுத்து வைத்ததும் தரை காலுக்கடியிலிருந்து நழுவியது. குப்புற விழப்போனவளைப் பின்சி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன மயினி, தலை சுத்துதா?"

"ஒண்ணும் இல்ல. சாயா குடிக்கணும்."

சரோஜம் கட்டன்சாயாவும் மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் தின்று முடிக்கும்வரை சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சூட்சிச்சுப் பாத்து ஓட்டணும், பிள்ளே. போன வருசம் ஈசாக்குன்னு ஒருத்தரு வந்தாரு. நல்ல பழக்கமுள்ள ஆளாக்கும். மேலயும் கீழயுமாட்டுதான் நேர ஓட்டிட்டிருந்தாரு. என்ன தோணிச்சோ, அந்தப் பப்பாளி கிட்ட வச்சுக் குறுக்க திருப்புனாரு. ரோட்டுல திருப்புறது போல. வண்டி உருண்டு வந்து எனக்க கிணத்துக்கிட்ட விழுந்துது."

"ஆளுக்கு என்ன ஆச்சு?"

"வண்டிதான் வந்துது. ஆளு வரல்ல. போலீசு ரெண்டு நாளு தேடிச்சு. பயந்து பேடிச்சு ஓடியிருப்பாருண்ணு சொல்லிட்டுப் போயிட்டாவ."

பின்சி சிரித்தாள். "வண்டியக் கவுத்துட்டா யாரானாலும் ஓடத்தான் செய்வாவ, அக்கா." சரோஜம் சிரிக்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெஸ்னா இருக்கையில் ஏறி பெல்ட்டை இழுத்து மாட்டினாள். தலைக்குமேல் வளைந்து நிற்கும் இரும்புச் சட்டத்தின் ஆணிகளை ஆட்டிப் பார்த்தாள். அதில் தண்ணீர் பாட்டிலைக் கயிற்றால் தொங்கவிட்டாள். சரிவில் அவள் ஓட்டும் முறை ஒன்றுதான். புல்வெட்டியின் கத்தியைக் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு, தாழ்ந்த கியரில் பின்னோக்கி ஏறவேண்டும். உச்சியில் கத்தியைத் தாழ்த்தி, முன்னோக்கி வெட்டிக்கொண்டே நேராக இறங்கவேண்டும். இறக்கத்தில் கிளட்சைத் தொடக்கூடாது. என்ன ஆனாலும் குறுக்கே திருப்பக்கூடாது. கூட ஒரு ஆளை ஏற்றக்கூடாது.

ஓரத்திலிருந்து தொடங்கினாள். டீசல் புகையும் அறுபட்ட புல்லின் பச்சை மணமும் சேர்ந்து மூக்கில் ஏறின. கத்தியில் பட்ட சிறுகற்கள் தகரக் கூட்டுக்குள் படபடவென்று தெறித்தன. ஏறும்போது எஞ்சின் அடிவயிற்றிலிருந்து முனகியது. இறங்கும்போது பெல்ட் நெஞ்சை இறுக்கிப் பிடித்தது, பாட்டில் முன்னால் சாய்ந்து அவள் கண்ணுக்கு எதிரே ஆடியது. கீழே மண்ரோட்டில் பின்சி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் கிழக்கே மலைப் பக்கம் மழைக்கறுப்பு ஏறிவருவது தெரிந்தது. பப்பாளியைச் சுற்றியிருந்த புல்லைக் கடைசிக்கு விட்டிருந்தாள். வேண்டுமென்றே விட்டதல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசியில் அது மட்டுந்தான் மிஞ்சியது.

உச்சியிலிருந்து கத்தியைத் தாழ்த்தி இறங்கினாள். பப்பாளியை நெருங்கியதும் முதலில் மாறியது சத்தம். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தி அழும் எஞ்சின், வயலில் ஓடுவதுபோல நிதானமாக ஓடத் தொடங்கியது. பிறகு பெல்ட் தளர்ந்தது. அவள் உடம்பு மெதுவாக இருக்கையின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தது. கண்ணுக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்த பாட்டில் பின்னால் வந்து, இரும்புச் சட்டத்தை ஒட்டி நேராகத் தொங்கியது.

ஆடவே இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே மண்ரோடு ஒரு மேடாக எழும்பி நின்றது. சரோஜத்தின் வீடு, கிணறு, தென்னைகள், தூரத்தில் தேவாலயத்தின் கோபுரம், எல்லாம் அவளை நோக்கிச் சாய்ந்திருந்தன. அந்த மேட்டில் பின்சி முன்னால் சரிந்தபடி, இதோ விழப்போகிறவள்போல நின்று கையை ஆட்டினாள். பப்பாளி மட்டும் ஜெஸ்னாவுக்குப் பக்கத்தில் ஒழுங்காக, அழகாக, நேராக நின்றது.

பயம் வரவில்லை. அதுதான் பிறகு அவளை நடுங்கவைத்தது. நிம்மதிதான் வந்தது. எவ்வளவு நல்ல இடம். இதில் போய் மேலும் கீழுமாக எதற்கு ஓட்டவேண்டும்? ஒரு வட்டம் திருப்பினால் வேலை முடிந்தது. பெல்ட்டைக்கூடக் கழற்றிவிடலாம். அவள் கை ஸ்டியரிங்கை வலது பக்கம் சுற்றியது. வண்டி சொன்னபடி கேட்டது. இடது கை பெல்ட்டின் கொளுத்தில் போய் உட்கார்ந்தது.

விசில்.

ரொம்பத் தூரத்திலிருந்து கேட்டது. மறுபடி விசில், விடாமல். ரோட்டுல திருப்புறது போல, என்று யாரோ சொன்ன ஞாபகம். கொளுத்திலிருந்து கையை எடுத்தாள். அதே நேரம் முன்சக்கரம் வெட்டாத புல்லைத் தாண்டி வெளியே போனது.

எடை முழுவதும் ஒரே அடியாகத் திரும்பி வந்தது. குன்று சுவர்போல எழும்பியது. மேல்பக்கத்துப் பின்சக்கரம் மண்ணைவிட்டு எழும்புவதை அவள் இடுப்பில் உணர்ந்தாள். பிரேக் கூடாது. கிளட்சு கூடாது. கீழ்ப்பக்கம். கீழ்ப்பக்கம் திருப்பு. ஸ்டியரிங்கை இறக்கத்தை நோக்கி ஒடித்து வேகத்தைக் குறைத்தாள். எழும்பிய சக்கரம் காற்றில் ஒரு கணம் நின்று, தொம்மென்று மண்ணில் விழுந்தது. வண்டி குலுங்கி நேராகி, புல்லை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கியது.

கத்தியை நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். கைபிரேக்கை இழுத்தாள். பின்சி ஓடிவந்து சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாள்.

"என்னத்துக்கு மயினி திருப்புனீங்க? எத்தனை விசில் அடிச்சேன்!"

ஜெஸ்னா இறங்கிச் சக்கரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கர்த்தாவே, கர்த்தாவே என்று மட்டும் உதடு அசைந்தது. சூடான ரப்பர் மணம். எங்கோ முதல் இடி.

அப்போது மேலே ஃபோன் அடித்தது.

அவளுடைய ஃபோன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். பை காலியாக இருந்தது. வண்டி குலுங்கியபோது விழுந்திருக்க வேண்டும். நடுச்சரிவில், பப்பாளியின் அடியில், புல்லுக்குள்ளிருந்து அது அடித்துக்கொண்டே இருந்தது.

"மழையில நனஞ்சுடும். எடுத்துட்டு இப்பம் வாறேன்" என்றாள் பின்சி.

"போவாண்டாம். கிடந்துட்டுப் போட்டு. பின்சி! மக்கா!"

பின்சி அதற்குள் வெட்டிய புல்லில் கை ஊன்றி ஏறிவிட்டிருந்தாள். ஜெஸ்னா பின்னால் ஓட நினைத்தாள். கால் வரவில்லை. சக்கரத்தைப் பிடித்த கையும் வரவில்லை. கூனிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிய பின்சி, பப்பாளியின் பக்கம் போனதும் நிமிர்ந்தாள். நிமிர்ந்து, சாதாரணமாக, கடைக்குப் போகிறவள்போல நடந்தாள். ஃபோன் அடிப்பது நின்றது.

மழை வந்தது. ரோட்டிலும் கூரையிலும் தென்னையிலும் நேராக இறங்கியது. நடுச்சரிவுக்கு மேலே மட்டும் அதன் கோடுகள் முழங்கை மடங்குவதுபோல மடங்கி, குன்றுக்கு நேராகப் போய் விழுந்தன.

அந்த மழைக்குள் பின்சி திரும்பி நின்றாள். பப்பாளியைப் போலவே நின்றாள். தலை அந்தரத்தில் வெளியே வந்திருந்தது. அந்தச் சாய்வில் யாராக இருந்தாலும் முகம் குப்புற உருண்டு வந்திருக்க வேண்டும். அவள் விழவில்லை. அவளுடைய நீளப் பின்னல் முன்னால் சரிந்து தொங்காமல், முதுகை ஒட்டிக் குதிகாலை நோக்கி இறங்கியிருந்தது.

"மயினி!" குரல் சிரித்தது. "இஞ்ச நல்ல நெரப்பாக்கும், தரை சமமாட்டு கிடக்கு."

"இறங்கி வா. எனக்க பொன்னு மக்களே, இறங்கி வா."

பின்சி ஜெஸ்னாவை உற்றுப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலிருந்து மெல்லப் போயிற்று. கண்கள் பெரிதாயின. கிணற்று விளிம்பில் நிற்கும் பிள்ளையைப் பார்க்கும் தாயின் முகமாக அது மாறியது.

"மயினி," என்றாள் மிக மெதுவாக. "அனங்காதிங்க, அப்பிடியே நில்லுங்க. விழுந்துருவிய."

"நான் ரோட்டுல நிக்கேன், பின்சி."

"பேடிக்காதிங்க. நாங்க வாறோம்."

நாங்க.

வெட்டாத புல்லுக்குள்ளிருந்து ஒருவர் எழுந்தார். காக்கிச் சட்டை. நரைத்த மீசை. வண்டி ஓட்டுகிறவர்களின் கறுத்த கை. அவருக்குப் பின்னால் ரப்பர்ப் பால் வாளியோடு ஒரு பெண். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர், புல் உயரத்திலிருந்து ஒவ்வொருவராக. எல்லோரும் ஒரே சாய்வில். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் கெடுதல் இல்லை. பதற்றம்தான் இருந்தது. இரக்கம் இருந்தது.

"சரோஜக்கா!" என்று கத்தினாள் ஜெஸ்னா. கதவு திறக்கவில்லை.

காலுக்கடியில் ஏதோ உருண்டது. ஒரு கூழாங்கல். சமமான ரோட்டில், தானாக, குன்றை நோக்கி உருண்டு போயிற்று. பின்னால் இன்னொன்று. ரோட்டில் தேங்கத் தொடங்கிய மழைத்தண்ணீர் மெல்ல அசைந்து அதே பக்கம் ஓடியது. அவள் செருப்பு வழுக்கியது. சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். முதுகில் யாரும் தள்ளவில்லை. காற்று இல்லை. உடம்புதான் குன்றை நோக்கிக் கனத்தது. கழுத்துச் சங்கிலி முன்னால் எழும்பி, அந்தரத்தில் குன்றைச் சுட்டி நின்றது.

டயருக்கு வைத்த கல் நெரிபட்டு முனகியது.

அவள் கண்ணை மூடினாள். திறந்தாள்.

அவர்கள் அடிவாரம்வரை வந்துவிட்டிருந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்து, பப்பாளி முதல் ரோட்டின் விளிம்புவரை நீண்ட சங்கிலியாக, பள்ளத்தில் விழுகிறவளைத் தூக்க இறங்கியவர்கள்போல. எல்லோருக்கும் முன்னால் பின்சி நின்றாள். ரோட்டுக்குக் குறுக்காகச் சாய்ந்து, தலை ஜெஸ்னாவின் தலைக்கு எதிரே வந்து நிற்க, அழுதுகொண்டே கையை நீட்டியிருந்தாள். அவள் கண்ணீர் மண்ணில் விழவில்லை. கன்னத்திலிருந்து சொட்டுச் சொட்டாகப் பிரிந்து, அவளுக்குப் பின்னால் உயர்ந்திருந்த குன்றில் போய் விழுந்துகொண்டிருந்தது.