மாடி அறைப் பணிவிடை

"அந்த ரூம்லதான் அப்பாவைப் படுக்க வைப்பியா? நீயெல்லாம் மனுஷனா?"

பக்கத்து வீட்டுக்கு அன்றுதான் குடிவந்த அண்ணனிடம் தங்கை போட்ட சத்தம் என் சமையலறை வரை வந்தது. ஜன்னல் அந்தப் பக்கம் திறந்திருந்தால் நான் என்ன செய்வேன்?

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். சாமான்கள் இன்னும் வாசலிலேயே கிடந்தன. அப்பாவை மட்டும் முதல் ஆளாய் மாடிக்கு ஏற்றிவிட்டான். வாடகை கம்மி என்றான்.

கம்மியாகத்தான் இருக்கும். அந்த மாடியில்தான் 'தங்கக்கை' என்று ஊரே கொண்டாடிய ஒருத்தி, படுத்த படுக்கையாய்க் கிடந்த வயசாளிகளை வைத்துப் பார்த்துக்கொண்டாள். இன்ஷூரன்ஸை அவள் பெயருக்கு எழுதினால் போதும், கடைசிவரை பணிவிடை. பாலைத் தான் ஒரு வாய் குடித்துக் காட்டுவாள். அப்புறம் கரண்டியால் ஊட்டுவாள். விஷம் கரண்டியில் இருந்தது. கடைசிவரை என்றாளே, அந்தக் கடைசியைக் கொஞ்சம் சீக்கிரம் வரவழைத்தாள், அவ்வளவுதான். சிறையில் செத்தாள். அதற்குப் பிறகும் அந்த அறையில் படுத்த நோயாளி எவரும் எழுந்ததில்லை.

இதையெல்லாம் கண்ணாடிக்காரன் என் புருஷனிடம் முன்பே துருவித் துருவிக் கேட்டிருந்தான். பயந்து ஓடுவான் என்று பார்த்தால், அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். அப்பாவின் உயிருக்குப் பெரிய பாலிசி, அதில் வாரிசு அவன்தான் என்பது எங்களுக்கு எங்கே தெரியும்? தங்கைக்குத் தெரிந்திருந்தது.

அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போக அவள் ஓடிப்போய்க் கார் பிடித்து வந்தாள். துணைக்கு நானும் மாடி ஏறினேன். வேடிக்கை பார்க்க என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

அறை முழுக்கக் காய்ச்சிய பால் வாசனை.

அந்த வீட்டில் அடுப்பே இன்னும் மாட்டவில்லை.

பெரியவரின் மீசையில் வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது.

"யாரும்மா இவங்க?" என்று கிசுகிசுத்தார். "என்ன பாசம். தான் ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டுல்ல குடுக்கறாங்க."

கண்ணாடிக்காரன் கதவோரம் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர் யாருமில்லாத பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

பல்லில் கரண்டி இடிக்கும் சத்தம் கேட்டது.

கீழே கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவரைப் பிறகு வேறு வண்டியில்தான் கொண்டுபோனார்கள்.

தங்கை வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். அண்ணன் முகத்தில் விழிப்பதில்லை. அவனோ பணம் வந்ததும் எங்கள் தெருப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு, புது ஃபிளாட்டுக்குக் குடிபோனான். போன வாரம் அவன் பெண்டாட்டி எனக்குப் போன் செய்தாள்.

"அவரு படுத்துட்டாருக்கா. அவரோட அத்தையாம், ஒருத்தங்க வந்து பாலெல்லாம் ஊட்டி நல்லாத்தான் பார்த்துக்கறாங்க. அவரு என்னமோ கண்ணாலேயே கெஞ்சுறாரு."

"அவனுக்கு அத்தையே கிடையாதேடி."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இருக்கட்டும்க்கா," என்றாள். "பாலிசி என் பேர்லதான் இருக்கு."