எரிச்சலுக்கு ஓர் உதாரணம்

‘எக்ஸாஸ்பரேட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குக் ‘கடுமையாக எரிச்சலூட்டு’ என்று அகராதி பொருள் சொன்னது. ஹேசலின் ஆசிரியை மிஸ் ஹாடோவுக்கு அது போதவில்லை.

“அகராதியப் பாத்து எழுதாதீங்க. யாருக்காவது அது நடக்கறதக் கண்ணால பாத்து, ஒரு வாக்கியம் எழுதிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார்.

அதனால் சாயங்காலம் முழுக்க ஹேசல் நோட்டும் பென்சிலுமாக அப்பாவின் பின்னாலேயே அலைந்தாள். அப்பா கிரெக் பேருந்து ஓட்டுநர். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து போனவர், ஆஸ்திரேலியாவின் பிப்ரவரி வெயிலில் வெந்து வீடு திரும்பியிருந்தார். நாளைக்கும் நான்கு மணிக்கே எழ வேண்டும், பாவம்.

“அப்பா, எரிச்சலா இருக்கா?”

“இல்லடா.”

“டீ ஆறிப்போச்சே, இப்ப?”

“இல்ல தங்கம். அசதியா இருக்கு.”

மறுநாள் குப்பை வண்டி வரும். ஒரு வாரம் வீட்டுக் குப்பைக்கான சிவப்பு மூடித் தொட்டி, மறு வாரம் மறுசுழற்சிக்கான மஞ்சள். இது எந்த வாரம் என்று வாட்டில் தெருவில் ஒருவருக்கும் நினைவிருக்காது. எதிர்வீட்டு நோயல் எதை வைக்கிறாரோ, அதையே தெரு முழுக்க வைக்கும். இன்று அவர் வைத்தது மஞ்சள். அப்பாவும் தெருவுக்கு இறங்கும் சரிவுப் பாதையில் மஞ்சளை உருட்டிக்கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, நாற்காலியில் விழுந்தார்.

ஹேசல் சமையலறையில் ஒட்டியிருந்த நகராட்சி அட்டவணையைப் பார்த்தாள்.

“அப்பா, இந்த வாரம் சிவப்பு!”

சிவப்புத் தொட்டியில் தம்பிப் பாப்பாவின் டயப்பர்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு வாரம் அது வெயிலில் கிடந்தால் வீட்டில் குடியிருக்க முடியாது.

அப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஹேசல் ஓடி வந்தாள். “வந்துடுச்சா? எப்படி இருக்குன்னு சொல்லுங்கப்பா!”

கத்தக்கூட அவருக்குத் தெம்பில்லை. “குப்பத்தொட்டியக்கூடத் தாங்கிக்குவேன், ஹேசல். பென்சில வெச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நிக்கறியே, அதத்தான் தாங்க முடியல.”

ஹேசலுக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. பென்சிலை மேசைமேல் வைத்தாள்.

“நீங்க எந்திரிக்கவே கூடாது” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மஞ்சளை மேலே இழுத்து வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. சிவப்போ சரிவில் அவளையே இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது.

“ஏ பொண்ணு, தெருவே மஞ்சள் வெச்சிருக்கு. நீ மட்டும் என்ன சிவப்பு?” என்று நோயல் குரல் கொடுத்தார்.

“அட்டவணையில சிவப்புதான் இருக்கு, நோயல். எல்லாரும் உங்களப் பாத்துதான் வெச்சாங்க.”

“என்னையா? நான் போன வாரம் உங்கப்பா மஞ்சள் வெச்சதப் பாத்துல்ல இன்னைக்கும் அதையே வெச்சேன்!”

தலையைச் சொறிந்துகொண்டே அவர் தன் தொட்டியை மாற்றினார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் மாற்றினார். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கக் கடகடவென்று சக்கரச் சத்தம்.

ஹேசல் உள்ளே வந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்த அப்பாவின் பக்கத்து விளக்கை அணைத்துவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து எழுதினாள்:

‘நான் இன்று அப்பாவை எக்ஸாஸ்பரேட் செய்தேன். இப்போது அவர் குறட்டை விடுகிறார்.’