நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், லேப்டாப் பையோடு போய் என் மனைவியின் அக்கா வீட்டு அழைப்புமணியை அடித்தேன். அக்காவின் கணவர், அதாவது என் சகலை, மாரடைப்பில் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மாடியில் அவர் அறையும், மொட்டைமாடிக் கம்பத்தில் அவர் ஆன்டெனாவும் அப்படியே இருந்தன. இரண்டையும் ஒருநாளைக்குக் கேட்டிருந்தேன்.

"மேல போங்க தம்பி. தூசி தட்டி வெச்சிருக்கேன்," என்றார் அக்கா. "அவர் நாற்காலி கொஞ்சம் ஆடும். பாத்து உக்காருங்க."

எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சகலையும் நானும் வீட்டிலிருந்தே ரேடியோ அலையில் ஊர் உலகத்தோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோக்காரர்கள். அதில் டிஜிட்டல் போட்டி என்று ஒன்று உண்டு. யாரும் வாய் திறப்பதில்லை. கம்ப்யூட்டர்தான் எழுத்தை அலையாக்கி அனுப்பும், வருகிற அலையைத் திரும்ப எழுத்தாக்கும். அதிகம் பேரோடு தொடர்பு கொண்டவர் ஜெயிப்பார். ஒவ்வொரு தொடர்பிலும் பெயருக்குப் பதிலாக அவரவருக்கு உள்ள அழைப்புக்குறியோடு, இது தனக்கு எத்தனையாவது தொடர்பு என்ற எண்ணையும் கொடுக்க வேண்டும். எதிராளி எவ்வளவு முன்னே போய்விட்டான் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

என் சகலை எப்போதும் முன்னேதான் இருந்தார். எல்லாப் போட்டியிலும் அவர் முதல், நான் இரண்டாவது. மாமனார் வீட்டிலும் அதே வரிசைதான். ஒரு ஃபேன் வாங்குவதென்றால்கூட என் மனைவி, "அக்கா வீட்டு மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்பாள். அவர் செத்த செய்தி வந்தபோது அழுதேன். அழுதுகொண்டே, இனி முதலிடம் காலி என்றும் நினைத்தேன்.

ஜன்னலைத் திறந்தேன். வயர்களைப் பற்றவைக்கும் சாலிடர் புகையின் பழைய வாசம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. என் ரேடியோ ஒரு சோப்புப் பெட்டி அளவுதான். திருகுவதற்குக் குமிழ் எதுவும் கிடையாது, எல்லா வேலையையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அலைவரிசை முழுவதும் ஒரே நேரத்தில் திரையில் தெரியும். கருநீலத்தில் மேலிருந்து கீழே மஞ்சள் கோடுகள் வழியும். ஒவ்வொரு கோடும் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். கோட்டின் மேல் கிளிக் செய்தால் அவர் அனுப்புவது எழுத்தாக ஓடும்.

போட்டி தொடங்கியது. அந்த ஆன்டெனாவில் நான் கூப்பிட்டதும் வரிசை கட்டிக்கொண்டு வந்தார்கள். இத்தனை நாளும் அவர் ஜெயித்தது இந்தக் கம்பத்தால்தான், மூளையால் அல்ல என்று சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல இனித்தது.

அப்போதுதான் இன்னொரு கோட்டைப் பார்த்தேன்.

திரையின் நடுக்கோட்டுக்கு வலப்புறம் நான். அதே தூரத்தில் இடப்புறம், மெல்லியதாக ஒன்று. மலிவான மென்பொருள் ரேடியோவில் இது சகஜம். பலமான அலை எதுவாக இருந்தாலும் அதன் பொய்ப் பிம்பம் எதிர்ப்பக்கம் விழும். நாம் வலப்பக்கம் நகர்ந்தால் அது இடப்பக்கம் நகரும். நாம் நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். நாங்கள் யாரும் அதைச் சட்டை செய்வதில்லை.

நகர்ந்தேன். அதுவும் நகர்ந்தது.

அனுப்புவதை நிறுத்தினேன்.

அது நிற்கவில்லை.

கிளிக் செய்தேன். சகலையின் அழைப்புக்குறி ஓடியது. யாரோ செத்தவர் குறியைத் திருடி விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். எங்கிருந்தோ ஒருவர் அந்தக் குறிக்குப் பதில் சொன்னார். அவருக்கு எண் கொடுக்கப்பட்டது. என் எண்ணைவிட ஒன்று அதிகம்.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது வயிற்றெரிச்சல்.

என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். நான் ஒருவரைப் பிடித்தால் சகலையும் ஒருவரைப் பிடித்தார். எப்போது பார்த்தாலும் ஒன்று அதிகம். செத்தும் விடமாட்டாரா இந்த மனுஷன்? எங்கள் ஆட்கள் யாரும் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தேன். பவரை முழுவதும் ஏற்றி, அவர் கோட்டின் மேலேயே போய் நின்றுகொண்டு அனுப்பினேன். அவர் சொல்வது இனி யாருக்கும் கேட்கக் கூடாது.

கையை எடுத்தேன். கோடு மங்கியது. பிறகு, ஆங்கில எழுத்துகளில் நம் பேச்சுத் தமிழ் ஒரே ஒரு வரி வந்தது.

"கோபப்படாதீங்க சகலை. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

சாலிடர் வாசம் இப்போது சூடாக இருந்தது. மேஜைமேல் கிடந்த சாலிடர் அயர்னின் வயர் எதிலும் செருகப்படவில்லை.

நான் அசையவில்லை.

நாற்காலி ஆடியது.

கேபிளைப் பிடுங்கினேன். எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு கீழே ஓடினேன். அக்கா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். படத்தின் குறுக்கே விட்டுவிட்டுக் கோடுகள் ஓடின.

"அவர் அனுப்புறப்போ எல்லாம் இப்படித்தான் வரும்," என்று மெல்லச் சொன்னார். "எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன். இன்னைக்கு நல்லா இருக்கு தம்பி. நிறுத்தாதீங்க."

"நான் எல்லாத்தையும் கழட்டிட்டேன் அக்கா."

"அப்படியா," என்றார். அவர் திரும்பவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு. என் மனைவி ஒருநாளும் எனக்காக இப்படி உட்கார்ந்ததில்லை என்ற நினைப்பு அந்த நேரத்திலும் வந்து தொலைத்தது.

யாரோடெல்லாம் தொடர்பு கொண்டோம் என்ற பட்டியலை, அதாவது லாகை, போட்டி நடத்துபவர்களுக்கு அனுப்ப வேண்டும். நான் அனுப்பவில்லை. முடிவு வந்த அன்று எங்கள் சங்கச் செயலாளர் போன் செய்தார்.

"வாழ்த்துகள் சார். ரெண்டாவது இடம். ஒரே ஒரு தொடர்புல முதலிடம் போச்சு."

"நான் பாதியிலயே எழுந்து வந்துட்டேன். லாகே அனுப்பலையே."

"வந்திருக்கே. கடைசி நிமிஷம் வரைக்கும் ஆடியிருக்கீங்க. எதிராளிங்க லாகோட ஒத்துப் பாத்தாச்சு, ஒரு தப்பு இல்ல." அவர் குரல் தாழ்ந்தது. "முதல் இடம் யாருன்னு பாத்தீங்களா?"

நான் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

அன்று மாலை, என் வீட்டில், ரேடியோவை வெளியே எடுத்து லேப்டாப்போடு இணைத்தேன். ஆன்டெனா இணைக்கவில்லை. திரை வெறும் கருநீலமாகத்தான் இருக்க வேண்டும். நடுக்கோட்டுக்கு இடப்புறம் ஒரு கோடு வழிந்துகொண்டிருந்தது. அடுத்த போட்டிக்கு இன்னும் மாதக்கணக்கில் நாள் இருந்தது. அவர் அதற்குள் ஆரம்பித்து, எண்ணில் வெகுதூரம் போயிருந்தார்.

"என்னங்க, சாப்பிட வரலையா?" என்று மனைவி கூப்பிட்டாள்.

"நீ சாப்பிடு."

கதவைச் சாத்தினேன். என் அழைப்புக்குறியைத் தட்டி அனுப்பினேன். ஆன்டெனா இல்லாத ரேடியோ அடுத்த தெருவுக்குக்கூட எட்டாது.

பதில் வந்தது.

தெரிந்த குறிதான், ஆனால் சகலையுடையது அல்ல. அந்தக் குறிக்காரர் செத்தபோது இரங்கல் செய்தி எழுதியவன் நான். இடப்புறம் அந்தக் கோடு இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

பதில் சொன்னவருக்கு என் முதல் எண்ணைக் கொடுத்தேன்.